கமிட்டியில் யார் பக்கத்தில் யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார்: குமரி மாவட்டத்து ஜனங்களுக்கு ஒற்றுமையே கிடையாது, அந்தக் காலத்தில் ஊரே கூடிக் குளம் வெட்டினார்கள், இப்போது வீட்டு வாசலில் கிடக்கும் ஓடையைக்கூட ஊராட்சிதான் ஆள் விட்டுத் தூர்வார வேண்டியிருக்கிறது என்று. ஓடையை யாரும் வாருவதில்லை என்பது சரி. ஜனங்கள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று அவர் சொல்லும் காரணம்தான் எனக்கு ஒத்துவரவில்லை. ஓடை வார வராத அதே ஆள் கோயில் கொடை என்றால் ராத்திரி முழுக்க நின்று பந்தல் போடுகிறான், சர்ச்சில் பங்குத் திருவிழா என்றால் சென்னையிலிருந்து லீவு போட்டு ஓடி வருகிறான், பக்கத்து வீட்டில் ஒரு இறப்பு என்றால் யாரும் சொல்லாமலே போய் வேனிலிருந்து நாற்காலி இறக்குகிறான். ஆள் அதே ஆள்தான், எந்தக் கூட்டத்துக்குள் நிற்கிறான் என்பதைப் பொறுத்து நடத்தை மாறுகிறது. ஒற்றுமை இல்லை என்று புலம்புவதற்கு முன்னால், கூட்டத்தை நாம் எப்படிச் சேர்க்கிறோம் என்று கொஞ்சம் பார்க்கலாம் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், வெட்டிப் போட்டாலும் வருத்தமில்லை.

நான் எம்.ஏ. பொருளாதாரம் படித்துவிட்டு வயலும் வாழையும் பார்க்கிறவள். இந்த மாவட்டத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை, பி.எட். முடித்துவிட்டுப் பால் கறப்பவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. வயல் அகஸ்தீஸ்வரம் வட்டத்தில், ஒரு குளத்தின் கடைசி மடைக்குக் கீழே. தலைமடைக்காரருக்கு ஒத்துழைப்பு என்பது மேடைப் பேச்சு, கடைமடைக்காரிக்கு அது வயிற்றுப்பாடு.

முதலில் அந்த 'அந்தக் காலம்' பற்றி. ஊரே கூடிக் குளம் வெட்டியது என்றால், ஊரில் யார் யார் மண் சுமந்தார்கள் என்று கேட்க வேண்டும் இல்லையா? ஊழியம் என்ற பெயரில் கூலி கொடுக்காமல் ஆள் பிடித்து வேலை வாங்கிய திருவிதாங்கூர் சீமை இது. கரையில் நின்று உத்தரவு போட்டவர்கள் ஒரு சாதி, சேற்றில் நின்றவர்கள் வேறு சாதி. வராவிட்டால் அடி விழும். வேலை நடந்தது, மறுக்கவில்லை. அதை ஒற்றுமை என்று எழுதுவதுதான் உறுத்துகிறது.

சரி, இப்போதைக்கு வருவோம். பேச்சிப்பாறை அணையைக் கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் சாகுபடிக்கு வழக்கமாக ஜூன் முதல் தேதி வாக்கில் திறப்பார்கள். அதற்கு முன்னால், சித்திரை வைகாசியில், கிளை ஓடைகளை வாரிப் புல்லை அறுத்து விட்டால்தான் தண்ணீர் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடைக்கரைக்கு வந்து பாருங்கள். ஏழு மணிக்கு வரச் சொன்னால் ஏழரைக்கு இரண்டு பேர் நிற்பார்கள், மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்காமல். மற்றவர்களுக்குப் போன் போட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "அவன் வந்தாச்சா? அவன் வந்தா நானும் வாறேன்." அந்த 'அவன்' வீட்டுக்குப் போன் போட்டால் அவரும் இதையேதான் கேட்பார்.

இது சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. 2001-இல் சூரிச்சில் சில பொருளாதார ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. மாணவர்களை நாலு நாலு பேராகச் சேர்த்து, ஆளுக்குக் கொஞ்சம் காசு கொடுத்து, பொது உண்டியலில் போடலாம் அல்லது கையில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். உண்டியலில் சேர்ந்தது பெருகி நாலு பேருக்கும் சமமாக வரும், ஒன்றும் போடாதவனுக்கும் வரும். ஏறத்தாழ பாதிப் பேர் நம்ம ஊர்க்காரர்கள் சொன்னதையே செய்தார்கள், அதாவது மற்றவர்கள் எவ்வளவு போடுகிறார்களோ அதைப் பார்த்துத் தானும் போடுவது. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் என்ன நடந்தாலும் ஒன்றும் போடவில்லை. சூரிச்காரனுக்கும் சுசீந்திரம்காரனுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. பாதிப் பேர் நல்லவருமில்லை கெட்டவருமில்லை, பக்கத்தில் நிற்பவனைப் பார்த்து நடப்பவர்கள். அவர்கள் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதில்தான் காரியம் இருக்கிறது. 2005-இல் வந்த இன்னொரு ஆய்வில், நிறையப் போடுகிறவர்களை ஒரு குழுவாகவும் போடாதவர்களை ஒரு குழுவாகவும் பிரித்தே உட்கார வைத்தார்கள். நிறையப் போடுகிறவர்கள் தங்களைப் போன்றவர்களோடுதான் இருக்கிறோம் என்று தெரிந்ததும் இன்னும் நன்றாகப் போட்டார்கள்.

ஒரே குளத்துத் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு வயல்களில் அப்படி ஆள் பொறுக்க முடியாது. என் வயலுக்கு மேலே யார் வயல் கிடக்கிறதோ அவர்தான் எனக்குக் கூட்டாளி, பிடிக்கிறதோ இல்லையோ. அதனால் எங்கள் கேள்வி வேறு. இருக்கிற ஆட்களை எப்படிச் சேர்த்து நிறுத்துவது?

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதலில் மண்வெட்டி எடுக்கிறவனுக்கு நம்ம ஊரில் என்ன கிடைக்கும் தெரியுமா? "என்ன மக்களே, மெம்பர் எலெக்‌ஷனுக்கு நிக்கப் போறியா?" என்ற கேள்விதான் கிடைக்கும், அதுவும் டீக்கடையில் நாலு பேர் முன்னால். உலகம் முழுக்க 16 இடங்களில் இந்த உண்டியல் விளையாட்டையே, போடாதவனுக்குக் கைக்காசைச் செலவு செய்து அபராதம் விதிக்கலாம் என்ற வசதியோடு நடத்தியதில், சில ஊர்களில் நிறையப் போட்டவனுக்கே அபராதம் போட்டிருக்கிறார்கள். 2008-இல் வெளிவந்த ஆய்வு. படித்தபோது எங்கள் டீக்கடைதான் நினைவுக்கு வந்தது.

இப்போது குளத்துக்கு வருகிறேன். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குக் குளம் என்றால் விவசாயி, அவ்வளவுதான். பக்கத்தில் போய்ப் பாருங்கள். நெல் போடுகிறவருக்குக் கதிர் பால் பிடிக்கும்வரை தண்ணீர் கிடக்க வேண்டும். மீன் குத்தகை எடுத்தவருக்கு மீன் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் வற்ற வேண்டும். தாமரை போட்டு தோவாளைச் சந்தைக்குப் பூ அனுப்புகிறவருக்குக் குளம் முழுக்க இலை மூடினாலும் கவலையில்லை. அப்புறம் கரையை ஒட்டி மனை வாங்கிப் போட்டிருப்பவர், அவருக்குக் குளம் நிறைந்தால் வயிற்றைக் கலக்கும், மறுகால் பாய்ந்தால் காம்பவுண்டுச் சுவர் போய்விடும். வாழைக்காரர் வயலை மேடாக்கி வாழை வைத்துவிட்டார், அவருக்குத் தண்ணீர் நின்றாலே ஆகாது. பறவை பார்க்க வருகிறவர்கள் வேறு, சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் ஏறிய பிறகு அந்தக் கூட்டமும் கூடியிருக்கிறது. இவர்கள் எல்லோரையும் 'ஊர் மக்கள்' என்ற ஒரே சொல்லில் மூடி, ஒத்துழைப்பு இல்லை என்று திட்டினால் என்ன அர்த்தம்?

பிரணாப் பர்தன் என்ற பொருளாதார அறிஞர் நம் தமிழ்நாட்டிலேயே 48 பாசன சமூகங்களை ஆராய்ந்து 2000-இல் எழுதினார். நில ஏற்றத்தாழ்வு அதிகமான இடங்களில் ஒத்துழைப்புக் குறைவு, நகரத்தோடு தொடர்பு அதிகமான இடங்களிலும் குறைவு, சின்னக் கூட்டமாக இருந்தால் நல்லது. ஒரே மாதிரி ஆட்கள் உள்ள ஊரில் ஒத்துழைப்பு சுலபம் என்பதும் அதில் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடித்த முடிவு வேறு. தண்ணீர் விதிகளை ஊர்ப் பெரியவர்கள்தான் போட்டார்கள் என்று நினைக்கிற விவசாயி, மற்றவர்கள் விதிப்படி நடக்கிறார்கள் என்று நம்புவதில்லை. யாரை உட்கார வைத்து விதி போட்டோம் என்பது, விதியில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு முன்னாலேயே காரியத்தைக் கெடுத்துவிடும் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

எங்கள் குளத்துக்குக் கமிட்டி போட்ட கூட்டத்தைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், அதிகாரி பெயரும் வேண்டாம். கல்யாண மண்டபத்தில் கூட்டம், மேடையில் ஒன்பது நாற்காலி. ஒரு பெரிய சமுதாயத்துக்கு இரண்டு, இன்னொன்றுக்கு இரண்டு, ஜெபக்கூடத்துக்காரர் ஒருவர், ஜமாத்துக்கு ஒருவர், ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, பெண் ஒருவர் வேண்டுமே என்று கடைசி நிமிஷத்தில் ஒருவர். எல்லாரையும் திருப்திப்படுத்தியாயிற்று என்று அதிகாரிக்கு நிம்மதி. கீழே நாங்கள் எண்ணிப் பார்த்தால், மேடையில் இருந்தவர்களில் கடைசி மடையில் வயல் உள்ளவர் ஒருவர்கூட இல்லை. வருகைப் பதிவுக்குப் பட்டாதாரர் பெயர்களை வாசித்தார்கள். பலர் துபாயிலும் சவூதியிலும் இருக்கிறார்கள், சிலர் செத்தே போனார்கள், பட்டா மாற்றவில்லை. அவர்கள் வயலைப் பாட்டத்துக்கு எடுத்து உழுகிறவர்கள் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள், அவர்கள் பெயர் வாசிக்கப்படவேயில்லை. துபாய்க்காரர்களின் மனைவிமார் வந்திருந்தார்கள், மடை திறப்பதும் உரம் வாங்குவதும் களை எடுக்க ஆள் பிடிப்பதும் அவர்கள்தான், கையெழுத்துப் போடச் சொன்னபோது "வீட்டுக்காரர் வந்தப்புறம் போடச் சொல்லுங்க" என்றார்கள்.

அந்தக் கமிட்டி கூடியதெல்லாம் சண்டைக்காகத்தான். எதிர்பார்த்ததுதான். ஒருவரை ஒரு சமுதாயத்தின் பிரதிநிதி என்று உட்கார வைத்தால் அவர் வேறு எப்படி நடப்பார்? திரும்பிப் போய்த் தன் ஆட்களிடம் 'நமக்கு இவ்வளவு வாங்கினேன்' என்று சொல்ல வேண்டியவர் அவர். குளத்து மண் எடுக்கிற காண்டிராக்ட் யாருக்கு, படித்துறை எந்தத் தெரு முன்னால், போர்டில் யார் பெயர் முதலில், இப்படித்தான் பேச்சு போனது. அவர்கள் மோசமானவர்கள் என்று சொல்லவே மாட்டேன், அதில் இரண்டு பேர் என் வயலில் எலி மருந்து வைக்கக்கூட உதவி செய்திருக்கிறார்கள். நாற்காலியின் முதுகில் சாதி எழுதியிருந்தால் உட்கார்ந்தவரும் அதைத்தான் பேசுவார்.

அப்படியானால் கலந்து உட்கார வைப்பதே தப்பா என்று கேட்பீர்கள். எப்படிக் கலக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும் என்கிறேன். உத்தரப்பிரதேசக் கிராமங்களில் மேட் லோ என்ற ஆய்வாளர் கிரிக்கெட் லீக் நடத்தி இதைப் பார்த்தார், 2021-இல் வெளியானது. பல சாதி இளைஞர்கள், ஆயிரம் பேருக்கு மேல். சிலரை ஒரே சாதி அணியிலும் சிலரைக் கலப்பு அணியிலும் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோலப் போட்டார். ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களுக்கு வேறு சாதி நண்பர்கள் கூடினார்கள். வேறு சாதிக்காரரை எதிரணியில் மட்டும் அதிகம் சந்தித்தவர்களுக்கு அந்த நட்பு குறைந்தது. அதாவது ஒரே மைதானத்தில் நின்றால் போதாது, ஒரே அணியில் நிற்க வேண்டும். நம் கமிட்டிகள் எல்லாம் வேறு வேறு அணிகளை ஒரே மேசையில் உட்கார வைக்கிற கமிட்டிகள். அதை நல்லிணக்கம் என்று போட்டோ எடுத்துப் போடுகிறோம்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. இராக்கில் ஐ.எஸ். கும்பலால் ஊரை விட்டு ஓடிவந்த கிறிஸ்தவ இளைஞர்களையும் முஸ்லிம் இளைஞர்களையும் ஒரே கால்பந்து அணியில் சேர்த்துப் பார்த்தார்கள். ஆட்டக் களத்தில் நல்ல மாற்றம் தெரிந்தது, களத்துக்கு வெளியே அறிமுகமில்லாத ஆட்களிடம் அவ்வளவாகத் தெரியவில்லை. எனக்கு அது போதும். எனக்கு வேண்டியது ஓடை வாரும் எட்டுப் பேர் ஒழுங்காக வருவது, உலக சமாதானத்தை ஐ.நா. சபை பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரே மாதிரி ஆட்களாக இருந்தால் சுலபம் என்று அந்த 48 ஊர் ஆய்வு சொன்னதே, அதையும் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தவள் நான். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு 1989-இல் தர்மபுரியில் தொடங்கியது, குழுவுக்கு 12 முதல் 20 பேர். எங்கள் முதல் குழு முழுக்கச் சொந்தக்காரர்கள். சேமிப்பு மளமளவென்று ஏறியது, கூட்டத்துக்கு எல்லாரும் வருவார்கள், அச்சுமுறுக்கு கூட வரும். கடன் கொடுத்த பிறகுதான் சங்கதி. மயினி, அதாவது அண்ணி, இரண்டு தவணை கட்டவில்லை. யார் கேட்பது? நான் கேட்டால் அத்தைக்கு முகம் கோணும், அடுத்த கல்யாணத்தில் பந்தி பரிமாறும்போது பேச்சு வரும். எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை, அதைப் பார்த்து மூன்றாவது மாதம் இன்னொருத்தியும் கட்டவில்லை. அவள் கட்டலன்னா நான் ஏன் கட்டணும்? ஓடைக்கரையில் கேட்கிற அதே பேச்சு, தலைகீழாக.

அப்புறம் இரண்டு பேர் வேறு ஊருக்குப் போய்விட, பள்ளிவாசல் பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் அக்காவும், சர்ச் தெருவிலிருந்து தையல் கடை வைத்திருக்கும் ஒரு பிள்ளையும் சேர்ந்தார்கள். அக்கா வந்த இரண்டாவது கூட்டத்திலேயே நோட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இந்த ரெண்டு கட்டம் ஏன் காலியா கிடக்கு?" என்று கேட்டார். அவருக்கு மயினி யாரென்றே தெரியாது. மயினி சிரித்துக்கொண்டு அடுத்த வாரம் கட்டினாள், கோபமே இல்லை, ஏனென்றால் கேட்டது சொந்தக்காரி இல்லை. எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிற குழுவில் அன்பு நிறைய இருக்கும், கேள்வி கேட்க ஆள் இருக்காது. முழுக்க அன்னியர்களாக இருக்கிற குழுவும் பார்த்திருக்கிறேன். தனியார் கடன் ஏஜெண்ட் ஆதார் அட்டை வாங்கிப் பத்துப் பேரை ஒரே நாளில் சேர்த்த குழு, ஒருத்தி ஊரை விட்டுப் போனதும் மிச்சப் பேர் வீட்டு வாசலில் வசூல்காரன் நின்றான். அங்கே கேள்வி கேட்க எல்லாரும் உண்டு, நம்ப ஒருவரும் இல்லை. பெரும்பாலும் தெரிந்தவர்கள், நடுவில் இரண்டு மூன்று பேர் வேறு தெரு, இந்தக் கணக்கு எங்களுக்கு ஒத்துவந்தது.

கடற்கரையிலும் இதைப் பார்க்கலாம். 2017 நவம்பர் 30-இல் ஓகிப் புயல் அடித்தபோது தூத்தூர் பக்கத்து ஊர்க்காரர்கள் யாருக்காகவும் காத்திராமல் தங்கள் படகிலேயே போய்க் கடலில் ஆள் தேடினார்கள். ஒரே ஊர், ஒரே பங்கு, காணாமல் போனவன் அண்ணனோ மச்சானோ. அதே கடற்கரையில் விசைப்படகுக்கும் சின்ன வள்ளத்துக்கும் வலை அறுந்த சண்டை வந்தால் ஒரே கோயிலில் ஜெபிக்கிறவர்கள்தான் இரண்டாகப் பிரிகிறார்கள். மதம் ஒன்று, தொழில் கருவி வேறு. சின்னமுட்டத்தில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15-இல் தொடங்கும், குளச்சலில் ஜூன் 1-இல் தொடங்கும், ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். 'மீனவர் பிரதிநிதி' என்று ஒரே ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் அவர் யாருக்காகப் பேசுவார்?

1982-இல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரம் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை, எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும். அசுதோஷ் வார்ஷ்ணே என்ற அறிஞர் கோழிக்கோட்டையும், இந்து-முஸ்லிம் கலவரம் அடிக்கடி வந்த அலிகாரையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கோழிக்கோட்டில் கலவரம் பரவாததற்கு அவர் சொன்ன காரணம், வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம், வாசகசாலை என்று இரண்டு மதத்தாரும் தினசரிக் காரியத்துக்காகவே கலந்திருந்தார்கள் என்பது. சண்டை வந்த பிறகு கூட்டுகிற அமைதிக் கமிட்டியால் மட்டும் அது வராது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

இனி என் யோசனை. குளக் கமிட்டியை மடைவாரியாகப் போடுங்கள். மடைக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் கீழ்ப்பாதி வயல்காரர். பட்டாதாரர் ஊரில் இல்லையென்றால் வயலைப் பார்க்கிறவர், அது பெண்ணோ பாட்டக்காரரோ, அவர் பெயரை எழுதுங்கள். கணக்குப் புத்தகம் கடைமடைக்காரர் கையில் இருக்கட்டும், தண்ணீர் வராவிட்டால் முதலில் காய்கிறவர் அவர்தான், அதனால் பக்கம் விடாமல் எழுதுவார். ஓடை வாரும் வேலையை ஊர் முழுக்கச் சேர்த்துக் கூப்பிடாமல், எட்டுப் பத்துப் பேர் குழுவாகச் சீட்டுப் போட்டுப் பிரித்து, இன்ன மதகிலிருந்து இன்ன மதகு வரை இன்ன குழு என்று கொடுங்கள். நூறு பேரில் ஒருவன் வராதது தெரியாது, எட்டுப் பேரில் தெரியும். சாதிப் பிரதிநிதித்துவம் போய்விடுமே என்று பயப்படுகிறவர்களுக்கு: எங்கள் குளத்தில் எல்லா மடையிலும் எல்லாரும்தான் கலந்து கிடக்கிறார்கள், மடை பார்த்து எடுத்தால் அதுவும் தானாக வந்துவிடும். வராத ஊர் இருந்தால் அங்கே மட்டும் ஓர் இடம் கூட்டுங்கள், ஒதுக்கப்பட்டவர்களை மறுபடி பின்வரிசைக்கு அனுப்ப நான் சொல்லவில்லை.

பொங்கல் விளையாட்டு விழா நடத்துகிற கிளப் பையன்களுக்கும் ஒரு வேண்டுகோள். கபடிக்கும் வாலிபாலுக்கும் கிழக்குத் தெரு, மேற்குத் தெரு என்று அணி பிரிக்காமல் ஒரு வருஷமாவது பெயர்களைக் குடத்தில் போட்டு எடுத்துப் பாருங்கள். முதல் மாட்ச் சொதப்பும், பரவாயில்லை.

உங்களுக்கும் ஒன்று கேட்கிறேன், ஆசிரியரே. அணை திறக்கும் காலம் வந்தால் உங்கள் மாவட்டப் பக்கங்களில் கமிட்டி அமைக்கப்பட்ட செய்தி வரிசையாக வரும், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒன்றியச் செயலாளர், முன்னாள் தலைவர் என்று பதவி இருக்கும். அந்த இடத்தில் அவருக்கு எந்த மடையில் வயல் என்று போடச் சொல்லுங்கள். வயலே இல்லாதவர் பெயருக்கு நேரே அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கடைமடை விவசாயி,
அகஸ்தீஸ்வரம் வட்டம்.